பிறர் வழிபடும் இடத்தில்

தன் இஷ்ட தெய்வத்திடம் உறுதியான பக்தி கொண்ட ஒருவர் பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்திற்குச் செல்லலாமா? அங்கு வணங்கினால் தன் நெறியிலிருந்து வழுவியதாகுமா? வணங்காவிட்டால் அவர்களை அவமதித்ததாகுமா? குழந்தைகளுடன் செல்லும் பெற்றோருக்கு இக்கேள்விகள் மேலும் முக்கியமானவை. பிற சமயத்தாரை எவ்வாறு மதிப்பது என்பதைக் குழந்தை பெற்றோரின் நடத்தையிலிருந்தே கற்கிறது.

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்கி வரும் பகுதியில் உள்ளது குப்பம். தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது எனப் பல மொழிகள் ஒலிக்கும் ஊர் அது. திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இல் அங்கு நிறுவப்பட்டது. அண்டை வீட்டாரின் மொழியைப் பேசுவதால் எவருக்கும் தாய்மொழி மறந்துவிடுவதில்லை. ஆனால் சமயம் என்று வரும்போது அந்தத் துணிவு குறைந்துவிடுகிறது. நாள்தோறும் பாங்கொலி கேட்டு வளர்ந்தும் பள்ளிவாசலின் உட்புறத்தைக் கண்டிராத பிள்ளைகள் எல்லா ஊர்களிலும் உண்டு.

குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் ரயிலேறிச் சென்னைக்கு வருவதாகக் கொள்வோம். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளைத் தரிசிக்கிறது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய இல்லத்தையும் காண்கிறது. பின்னர் அதே பகுதியில், ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் பெயர் தாங்கி, 1795-இல் கருங்கல்லால் எழுப்பப்பட்ட பெரிய பள்ளிவாசலின் வாயிலில் நிற்கிறது.

தொழுகை நேரம் தவிர்த்து, அங்குள்ளோரின் அனுமதி பெற்று, காலணிகளைக் கழற்றி, அவர்கள் காட்டும் இடம் வரை செல்வதே முறை. 'சாமி எங்கே?' என்று குழந்தை கேட்கலாம். 'இவர்கள் இறைவனுக்கு உருவம் அமைப்பதில்லை. சுவரிலுள்ள அந்த மாடம் மக்காவின் திசையைக் காட்டுகிறது. அத்திசை நோக்கி எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள்' என்று உள்ளதை உள்ளபடியே சொல்வது நலம். 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லி வேற்றுமையை மூடிவிட்டால், குழந்தை அவர்களைப் பற்றி எதையும் அறிந்துகொள்ளாது.

அவர்களைப் போலவே தொழுவதுதான் மரியாதையா? பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1866-இல் கோவிந்த ராயிடம் உபதேசம் பெற்று இஸ்லாமிய சாதனையில் ஈடுபட்டார். அந்த நாட்களில் அவர் அல்லாவின் திருநாமத்தை ஜபித்தார். முஸ்லிம்களைப் போல் உடுத்தினார். காளி கோயிலுக்குள்ளும் செல்லவில்லை. அவ்வழியின் முடிவைக் கண்டபின் அன்னையின் சந்நிதிக்கே திரும்பினார். பிறர் நெறியை முழுமையாக வாழ்ந்து பார்த்த அவரது பக்தி குன்றவில்லை என்பது இல்லறத்தாரின் அச்சத்தைப் போக்க வல்லது. அதேசமயம் அது முழு மனத்தையும் ஈடுபடுத்திய சாதனை என்பதை மறக்கலாகாது. ஒரு மணி நேரம் வந்து போகிறவர் தொழுகையின் அசைவுகளை நடித்துக் காட்டுவது அதற்கு ஈடாகாது.

அப்படியானால் விருந்தினர் அங்கு எதைத்தான் அளிக்க முடியும்? அப்பள்ளிவாசலிலேயே அதற்கு விடை இருக்கிறது. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுத் தொடரை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் கிரத். அவர் ஓர் இந்து. இறைவனை நினைத்தலே பெரிது என்று பொருள்படும் அத்தொடரின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 கிடைக்கும். தொழுகின்றவர்களின் நெஞ்சுக்கு உகந்த சொற்களையே தேர்ந்து, தம் புலமையை அவர்களது வழிபாட்டிற்கு அவர் காணிக்கையாக்கினார்.

அதே பள்ளிவாசலில் ரமலான் மாதத்தில் நோன்பு துறப்போருக்குச் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் பல ஆண்டுகளாக உணவு பரிமாறி வந்துள்ளனர். தாம் நோற்காத நோன்பிற்கு அவர்கள் செய்த சேவை அது.

புலமையும் பொருளும் இல்லாத குடும்பமும் அங்கு ஒன்றை அளிக்க இயலும். புகைப்படம் எடுக்கும் ஆவலை அடக்கி, குழந்தையை அருகில் அமர்த்தி, சிறிது நேரம் மௌனமாக இருக்கலாம். அம்மௌனத்தில் தன் இஷ்ட தெய்வத்தை நினைப்பதற்குத் தடையேதும் இல்லை. பிறர் இறைவனை நினைக்கும் இடத்தில் அந்நினைவுக்கு இடையூறின்றி இருப்பதும் ஒரு வழிபாடே. அந்தப் பண்பைப் பிள்ளைகளுக்கு வழங்கப் பெற்றோர் முயல்வார்களாக!