கடையை நாடியது கள்ளுக்கா?

குடி கேடு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், மனிதன் மதுக்கடையை ஏன் நாடுகிறான் என்று வினவாது, அவனை மாத்திரம் இகழ்வது நீதியாகுமா? அன்பர்கள் இதனைச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 'பப்' எனப்படும் சிறு மதுக்கடைக்குப் 'பொதுவீடு' என்பதே பொருள். பீரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அங்குண்டு. அவற்றினும் இனியது அண்டை அயலாரின் பேச்சு. போல்ட்டன் நகரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து 1943-ல் வெளிவந்த 'தி பப் அண்ட் தி பீப்பிள்' என்னும் நூலும், பிற பொதுவிடங்களில் வெறும் பார்வையாளராயிருக்கும் மக்கள் அங்கே தாமே பங்குகொள்வோராகின்றனர் என்று காட்டிற்று.

மலாயாத் தோட்டங்களில் அவ்விடத்தைக் கள்ளுக்கடை பெற்றிருந்தது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிக் களைத்தவன், தென்னங்கள்ளும் காரமான கறியும் நாடி அங்கே சென்றான். கங்காணியின் அதட்டலையும் கிராணியின் கணக்கையும் மறந்து நால்வரோடு சிரித்துப் பேச ஒரு நாழிகை கிடைத்தது. அதனை விரும்பியதைக் குற்றமென நாம் கூறோம். ஆனால், அந்நாழிகையேனும் அவனுடையதாக இருந்ததா?

மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுத்தலை இங்கிலாந்தில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. கூலியும் குடியும் ஓரிடத்தில் கூடினால் ஏழையின் விருப்பம் விருப்பமாகாது. இவ்வுண்மையை அறிந்தவர்கள் ஆண்ட மலாயாவிலோ, பல தோட்டங்களில் கள்ளுக்கடை அரசாங்க உரிமத்துடன் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாயிற்று என்று வாதித்தவர்களும் உண்டு. அவன் குடித்தாலன்றி அவனுக்கு நலமில்லையெனின், அது என்ன அறம்?

"குடிப்பதும் விடுவதும் அவனவன் விருப்பம்" என்பாரும் உளர். செல்வதற்கு இரண்டிடம் இருந்தாலன்றோ விருப்பம் என்னும் சொல் பொருந்தும்? 1941-ல் கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது கள்ளுக்கடைகளை மூடவேண்டுமெனக் கேட்டவர்கள் தொழிலாளர்களே. 1947-ல் கெடாவில் அக்கடைகளின்முன் மறியல் செய்த தொண்டர் படையினரும் தோட்டத்து மக்களே. கூடிப் பேசுவதை அவர்கள் வெறுத்தாரல்லர். தம் களைப்பைக் காசாக்கிய ஏற்பாட்டையே வெறுத்தனர்.

கடையை மூடுவது பாதி வேலையே. கள் குறைந்த இடங்களிலும் பிற்காலத்தில் மலிவான சம்சு புகுந்து குடும்பங்களைக் கெடுத்தது. ஆதலின், மதுவிலக்குப் பேசுவோர் தத்தம் குடியிருப்பில் விளக்கும் இருக்கையும் தேநீரும் செய்தித்தாளும் உள்ள ஓரிடத்தைத் திறத்தல் வேண்டும். அங்கு வருபவனை "ஏன் வந்தாய்?" என்று எவரும் கேளாதிருத்தல் வேண்டும். கள்ளைப் பறிப்பது எளிது; அதனோடு அவன் இழக்கும் தோழமையை ஈடுசெய்வதே நம் கடமை.