பொன்மீனும் அமானிதமும்

ஓசூர்த் தொழிற்பேட்டையின் சம்பளப் பணம் கர்நாடக எல்லையோரத்துப் பேரிகை வரையிலும் வந்து சேர்கிறது. முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதனுள் நான்கு பொன்மீன்களும் இன்று பெரிய ஆடம்பரமல்ல. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள இப்பீடபூமியின் குளுமையும் பொன்மீனுக்கு இசைவானதே. ஆயினும், கண்ணுக்கு விருந்தாக ஓர் உயிரை அடைத்து வைக்கலாமா என்னும் ஐயம் இறையச்சமுள்ள இல்லங்களில் எழுவதுண்டு.

இதற்குப் பாதி விடை எளிது. அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சின்னஞ்சிறு குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு வினவிய செய்தி புகாரியில் உள்ளது. தீங்கிழைக்காதவரை பறவை வளர்த்தல் ஆகுமென அறிஞர் பலர் இதனின்று கண்டனர். ஆனால், பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் மாள விட்ட பெண்ணின் செய்தியையும் நாம் மறக்கலாகாது. அவளுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: உணவளிப்பது, அல்லது தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்து விடுவது.

பொன்மீனுக்கு அந்த இரண்டாம் வழி உண்டா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள், மங்கிய நிறமுள்ள கெண்டையினம் ஒன்றில் அரிதாகத் தோன்றிய பொன்னிற மீன்களைப் பிரித்து வளர்த்தனர். பின்னர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, வாலை இரண்டாகப் பிரியச் செய்தனர். உடலை முட்டை வடிவாக்கினர். ஓரண்டாவுக்குத் தலையில் சதை மகுடம். ரஞ்சுவுக்கு முதுகுத் துடுப்பே இல்லை. 'பபிள் ஐ' என்னும் வகைக்கோ கண்களின் கீழ் நீர்ப்பைகள் தொங்குகின்றன. கூரிய கல் பட்டால் அவை கிழிந்துவிடும். குறுகிய வயிற்றில் உள்ளுறுப்புகள் நெருக்குண்டு, காற்றுப்பை நிலைகுலைந்து, தலைகீழாக மிதக்கும் மீன்களும் உண்டு. இவற்றை ஏரியில் விட்டால் கொக்குக்குத்தான் இரையாகும். பிழைத்துக்கொள்ளும் நீள உடல் வகையோ சேற்றைக் கிளறி ஏரியையே கெடுக்கும். அவிழ்த்து விடும் வாயிலை மனிதனின் ரசனையே அடைத்துவிட்டது.

எஞ்சியது பேணும் வழி ஒன்றே. அங்கும் அன்பே பல நேரங்களில் கொல்கிறது. பாசத்தால் அள்ளிப் போடும் தீனி அழுகி நஞ்சாகிறது. மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியாவை, பில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும்; புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முழு நீரையும் கொட்டிக் கழுவுவோர் அவற்றையும் கழுவிவிடுகின்றனர்! வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். 2013 முதல் இம்மாவட்டத்துக்கு வரும் ஒகேனக்கல் குடிநீரிலுள்ள குளோரின் நமக்குக் காப்பு, மீனின் செவுளுக்குப் புண். ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றலாம். வட்டக் கிண்ணத்தில் பொன்மீன் வளர்ப்பதை ரோம் நகராட்சி 2005இல் தடை செய்தது. செவ்வையாகப் பேணினால் பத்தாண்டுக்கு மேல் வாழும் உயிர், கிண்ணத்தில் சில மாதங்களில் மடிகிறது.

வண்ண மீன் வாணிபத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரின் கடைக்காரர்களைக் குறை கூற நாம் விரும்பவில்லை. நாம் கேட்பதையே அவர்கள் தருகின்றனர். நேராக நீந்தவும் காணவும் இயலாத உருவங்களை நாம் கேளாதிருந்தால், அவற்றைப் பெருக்குவோரும் குறைவர். ஏற்கெனவே வீட்டிலிருப்பதை மட்டும் இறுதிவரை காக்கத்தான் வேண்டும். புதிதாக வாங்க எண்ணுவோர், தொட்டியில் நீர் நிரப்பி, பில்டரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு துகள் தீனி மட்டும் இட்டு, ஆறு வாரம் மீனின்றிக் காத்திருக்கலாம். "அத்தா, மீன் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லலாம்.