கொல்லப்பட்டவனின் வீடு

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெருநாள் விடுமுறையில், தங்கையின் மகனோடு இருந்து பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'த கோட்ஃபாதர்' (1972) படத்தைப் பார்த்தேன். எனக்கு அது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ தெரியாது. அவனுக்கு முதல் தடவை. மைக்கல் கொர்லியோனே, தன் தந்தையைக் கொல்ல ஆள் ஏவிய சொலோசோவோடும், அவனுக்குக் காவலாக வந்த பொலிஸ் கெப்டன் மெக்லஸ்கியோடும் ஓர் உணவகத்தில் அமர்ந்திருக்கும் கட்டம் வந்தது. கழிவறைக்குப் போய்வர அனுமதி கேட்டு மைக்கல் எழும்புகிறான். அங்கே தண்ணீர்த் தொட்டியின் பின்னால் ஒரு துப்பாக்கி ஒட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கையை விட்டுத் துழாவுகிறான். அகப்படவில்லை.

"மாமா, இருக்குந்தானே?" என்று மருமகன் என் கையைப் பிடித்தான்.

"இருக்கும், பொறு" என்றேன்.

அந்தப் பதில்தான் பிறகு என்னை உறுத்தியது. இரண்டு மனிதர்களைக் கொல்வதற்கான ஆயுதம் எப்படியாவது கிடைத்துவிட வேண்டும் என்று, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் தலை நரைத்த நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறோம். கிடைத்தபோது இருவருக்கும் நிம்மதி.

இத்தகைய படங்களால் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்ற பழைய முறைப்பாட்டை நான் இங்கே எடுத்துவரவில்லை. மருமகன் மறுநாள் துப்பாக்கி தேடிப் புறப்படவில்லை. விடுமுறை முடிந்ததும் கணித வகுப்புக்குத்தான் போனான். என் கேள்வி வேறு. கொலை பாவம் என்பதில் கடுகளவும் சந்தேகமில்லாத ஒருவனை, கொலைகாரனுக்காகப் பதற வைப்பது எது? அந்தப் பதற்றத்துக்கு அவன் ஏதாவது பதில் சொல்ல வேண்டியவனா?

நமது பத்திரிகைகள் 'பாதாள உலகம்' என்று எழுதுகின்ற அந்த உலகத்தை ஒரு தனித் திரைப்பட வகையாக்கியது ஹொலிவூட்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளச் சாராயம் தெருப் பையன்களைச் செல்வந்தர்களாக்கியது. 1931 இல் 'லிட்டில் சீசர்', 'த பப்ளிக் எனிமி' ஆகிய படங்களும், 1932 இல் 'ஸ்கார்ஃபேஸ்' படமும் வெளிவந்தன. இம்மூன்றோடும் சட்டகம் தயாராகிவிட்டது. வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளை, சிறு திருட்டு, ஒரு பெரியவனின் கையாள், பிறகு அந்தப் பெரியவனையே விழுத்துதல், புதிய சூட், நீளமான கார், கடைசியில் சாவு. 'லிட்டில் சீசர்' ரிக்கோ, தன் பழைய கூட்டாளியின் நடன நிகழ்ச்சியை விளம்பரம் செய்யும் பலகையின் பின்னால் சுடப்பட்டு விழுகிறான். 'த பப்ளிக் எனிமி' டொம் பவர்ஸின் முடிவு இன்னும் கொடூரமானது. மகன் வீட்டுக்கு வரப்போகிறான் என்று தாய் மேல்மாடியில் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். கீழே கதவு தட்டப்படுகிறது. தமையன் கதவைத் திறக்க, துணியாலும் கயிற்றாலும் சுற்றப்பட்ட பிணமாக டொம் முகங்குப்புற உள்ளே விழுகிறான்.

இந்தச் சாவு கலையின் தேவையால் மட்டும் வந்ததன்று. பார்வையாளரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயக்கூடாது என்று விதித்த ஒழுக்கக்கோவை ஒன்றை ஹொலிவூட் 1930 இல் ஏற்று, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்கு 'தேசத்தின் அவமானம்' என்ற பொருள்பட உபதலைப்பொன்று ஒட்டப்பட்டது. அதுவும் போதாதென்று, நாயகன் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றுத் தூக்கில் இடப்படும் வேறொரு முடிவும் தயாரிக்கப்பட்டது. கதாநாயகனாக நடித்த போல் முனி அந்தக் காட்சிகளில் இல்லை. நடிகன் இல்லாமலே தூக்குத்தண்டனை! தணிக்கைக்காரரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதை நான் ஒரு கடைக் கணக்காகவே பார்க்கிறேன். ஒன்றரை மணித்தியாலம் அவனோடு சேர்ந்து ஏறுகிறோம், அதிகாரத்தின் ருசியை அனுபவிக்கிறோம். கடைசி ஐந்து நிமிடத்தில் அவன் தன் உயிரால் பற்றுச்சீட்டை வெட்டித் தருகிறான். நாம் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கை சுத்தம் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகிறோம். உண்மை உலகம் இந்தப் பற்றுச்சீட்டை எப்போதும் தருவதில்லை. இப்படங்களுக்கெல்லாம் மூலபுருஷனான அல் கப்போனை 1931 இல் சிறைக்கு அனுப்பியது வருமான வரி வழக்கு. அவன் செத்ததும் தெருவில் அல்ல. 1947 இல் புளோரிடாவில் தன் சொந்த வீட்டில், நோயாளியாக.

சாவு மட்டும் கணக்கைத் தீர்க்காது என்பதை அந்தக் கால ஹொலிவூட்டே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1938 இல் வந்த 'ஏஞ்சல்ஸ் வித் டேர்ட்டி ஃபேசஸ்' படத்தில் மரணதண்டனைக் கைதியான ரொக்கியிடம், அவனது பால்ய நண்பனான பாதிரியார் ஓர் உதவி கேட்கிறார். மின்சார நாற்காலிக்குப் போகும்போது கோழையாக அழுதுகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் சேரிப் பையன்கள் உன்னை வீரனாக வணங்குவார்கள் என்கிறார். ரொக்கி மறுக்கிறான். ஆனால் கடைசியில் அழுகிறான். நடித்தானா, உண்மையிலேயே பயந்தானா என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. வீரமாகச் சாகும் கேங்ஸ்டர் செத்தும் வென்றுவிடுகிறான் என்பதை அந்தப் பாதிரியார் விளங்கி வைத்திருந்தார்.

ரொபர்ட் வார்ஷோ 1948 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று கேங்ஸ்டரைத் துன்பியல் நாயகனாகக் கண்டது. வெற்றி பெற்றே ஆகவேண்டும் என்று மனிதனை விரட்டும் சமூகத்தில், வெற்றி ஒருவனைத் தனிமைப்படுத்துகிறது, தனிமையே அவனைக் கொல்கிறது. அவன் நமக்காகச் சாகும்போது நமது தோல்விகள் பத்திரமானவையாகத் தோன்றுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். அழகான வாதம். நான் பலமுறை அதை வைத்துப் பேசியுமிருக்கிறேன். ஆனால் அதில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்: திரையில் கேங்ஸ்டர், இருட்டில் பார்வையாளன். மூன்றாவது ஆளைக் காணோம். செத்தவன் எங்கே?

'த கோட்ஃபாதர்' படத்தில் போலி என்றொரு சாரதி வருகிறான். டொன் சுடப்பட்ட அன்று சுகமில்லையென்று வேலைக்கு வராமல் இருந்தவன். ஆகவே துரோகி. கிளெமென்சா அவனை ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறான். வழியோரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, சிறுநீர் கழிக்க இறங்குகிறான். பின் ஆசனத்தில் இருந்தவன் போலியைச் சுடுகிறான். துப்பாக்கியை விட்டுவிட்டு, மனைவி காலையில் வாங்கிவரச் சொன்ன இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி கிளெமென்சா சொல்கிறான். உலகம் முழுவதும் சிரித்த இடம். அன்று மருமகனும் சிரித்தான், நானும் சிரித்தேன்.

ஏன் சிரிப்பு வந்தது என்று யோசித்தால், கிளெமென்சாவின் வீட்டில் இனிப்புக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும். போலியின் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பது தெரியாது. மெக்லஸ்கியும் அப்படியே. அவன் ஊழல்காரன், மைக்கலின் தாடையை உடைத்தவன். ஆகவே அவன் சாகலாம். இவ்வகைப் படங்களின் எழுதப்படாத முதல் விதி இதுதான் என்று நினைக்கிறேன்: நம்முடைய ஆள் கொல்வதெல்லாம் தன்னைவிடக் கேடானவர்களை, அவர்களுக்கு வீடு கிடையாது. கொர்லியோனே குடும்பத்துக்கோ கல்யாணம் உண்டு, சமையல் உண்டு, ஞானஸ்நானம் உண்டு. எந்த வாதத்தாலும் நம்மை அவர்கள் பக்கம் இழுக்கவில்லை. கெமரா எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்பதே நமது மனச்சாட்சியைத் தீர்மானித்துவிட்டது.

தீயவனின் உள்ளே புகுந்து காட்டுவது இலக்கியத்தின் வேலையில்லையா என்று நண்பரொருவர் கேட்டார். 'மக்பெத்' என்ன செய்கிறது என்றார். நல்ல கேள்வி. ஆனால் ஷேக்ஸ்பியர், மக்பெத்தின் ஆட்கள் மக்டஃபின் குடும்பத்தை அழிக்க வருவதற்கு முன்னர், அந்த வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். சிறுவன் தாயோடு கெட்டித்தனமாக வாய் காட்டுகிறான். அவன் பேச்சைக் கேட்ட பிறகுதான் கொலையாளிகள் வருகிறார்கள். அதற்குப் பின் மக்பெத்தின் துயரம் எவ்வளவு ஆழமானதாயிருந்தாலும் அந்தப் பிள்ளையின் குரல் நம் காதில் இருக்கிறது. ஒரு காட்சிதான். அந்த ஒரு காட்சியைத்தான் ஹொலிவூட் கேங்ஸ்டர் படம் பெரும்பாலும் நமக்குத் தர மறுக்கிறது.

'த கோட்ஃபாதர்' படத்தின் சாயலில் தமிழில் வந்த மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) இந்த இடத்தில் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது. வேலுவை வளர்த்த ஹுசைன் பாயைப் பொலிஸ் காவலில் கொன்றவன் கேல்கர். ஆகவே வேலு கேல்கரைக் கொல்லும்போது நாம் பழைய விதிப்படி அவன் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் அதன் பிறகு வேலு கேல்கரின் வீட்டுக்குப் போகிறான். அங்கே ஒரு மனைவி, மூளை வளர்ச்சி குன்றிய ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையை வேலுவே பராமரிக்கிறான். நீதிமன்றம் விடுதலை செய்து வெளியே வரும் வேலுவைச் சுட்டுக் கொல்பவனும் அந்தப் பிள்ளைதான். தணிக்கைக்காரர் கேட்ட சாவு அல்ல இது. செத்தவனின் வீட்டிலிருந்து வந்த சாவு. இருந்தும், படம் முடியும்போது நாம் அழுதது வேலுவுக்காகத்தான். கேல்கரின் மகன் கடைசியில் என்ன ஆனான் என்று கேட்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'குட்ஃபெலாஸ்' (1990) பற்றுச்சீட்டையே கிழித்துப் போட்டது. ஹென்றி ஹில் சாகவில்லை. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அரசாங்கப் பாதுகாப்பில் எங்கோ ஒரு சாதாரண வீட்டில் வாழ்கிறான். அவனுடைய கவலை, செத்தவர்களைப் பற்றியதன்று. இனி எல்லாரையும்போல வரிசையில் நிற்க வேண்டுமே, நல்ல சாப்பாடுகூடக் கிடைக்கவில்லையே என்பதுதான். எனக்கு இப்படம் பிடிக்கும். ஆனால் முடிந்த பிறகு நெடுநேரம் ஒரு கசப்பு இருக்கும். பற்றுச்சீட்டு இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டதன் கசப்பாக இருக்கலாம்.

இக்கட்டுரைக்காக 'த கோட்ஃபாதர்' படத்தைத் தனியே இருந்து மீண்டும் பார்த்தேன். போலி சுடப்பட்ட இடத்தில் இம்முறை சிரிப்பு வரவில்லை; எதிர்பார்த்து இருந்ததாலோ என்னவோ. பிறகு உணவகக் காட்சி வந்தது. மைக்கல் கழிவறைக்குள் போய்த் தொட்டியின் பின்னால் கையை விட்டான். துப்பாக்கி அங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவன் துழாவிய அந்தச் சில வினாடிகளில், கிடைத்துவிட வேண்டுமே என்றுதான் மனம் கிடந்து அடித்தது.