முதல் குரல் யாருடையது?

அணைந்து கிடக்கும் கணினியைத் தொலைவிலிருந்து எழுப்பும் செய்தியில் கட்டளை எதுவும் இல்லை. எல்லா பிட்டும் 1 ஆக உள்ள 6 பைட் முதலில் வரும். பிறகு அந்தக் கணினிக்கே உரிய மேக் முகவரி 16 முறை வரும். மொத்தம் 102 பைட். 1990களின் நடுவில் ஏஎம்டி நிறுவனம் அறிமுகப்படுத்திய இதற்கு 'மேஜிக் பாக்கெட்' என்று பெயர். பேர் சொல்லிக் கூப்பிட்டாலே கணினி எழுந்துவிடும்.

நேரெதிரான முறையும் உண்டு. ஹார்டு டிஸ்க்கே இல்லாத கணினிக்குத் தன் ஐபி முகவரி தெரியாது, இயங்குதளத்தைத் தரும் சர்வர் எங்கே என்பதும் தெரியாது. நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி அது குரல் கொடுக்கும். 1985இல் வந்த பூட்பி, பிறகு வந்த டிஹெச்சிபி, இன்டெல்லின் பிஎக்ஸ்இ எல்லாம் அந்தக் குரலுக்குப் பதில் கிடைப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

யார் முதலில் அழைப்பது? 13, 14ஆம் நூற்றாண்டுகளின் வைணவ ஆசாரியர்களைப் பிரித்த கேள்வியும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. ஆட்கொள்ள வரும் இறைவனை ஆன்மா விலக்காதிருந்தாலே போதும் என்றார் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர். சரணாகதி என்ற ஒரு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, வேண்டும் என்றார் தூப்புல் வேதாந்த தேசிகர். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி, லோகாசாரியர் வழி வந்த தென்கலைக்கு உவமையானது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தேசிகர் வழி வந்த வடகலைக்கு.

மேஜிக் பாக்கெட்டைப் பூனைக்குட்டியின் பக்கம் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் அணைத்த கணினி முழுக்க அணைவதில்லை. பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தை விடாமல் தருகிறது. நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருந்து, தன் முகவரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டாலோ பயாஸ் அமைப்பில் தடுத்துவிட்டாலோ எத்தனை முறை அழைத்தும் பயனில்லை. லோகாசாரியர் சொன்ன விலக்காமை வெறும் சோம்பல் அல்ல என்பது இங்கே புரிகிறது. அந்த விழிப்பும் கணினி தானாக ஈட்டியதல்ல. முன்பே கொடுத்து வைக்கப்பட்டது.

மறுபக்கத்திலும் இதே கதைதான். குரல் கொடுக்கும் கணினி அதைத் தானாகக் கற்கவில்லை. அதற்கான நிரலை ரோம் (ROM) சிப்பில் எழுதி வைத்தவர் வேறொருவர். தேசிகரும் சரணாகதியை வியாஜம் என்றாரே தவிர, அருளுக்கான விலை என்று சொல்லவில்லை. இரு ஆசாரியருக்கும் இடையிலான தூரம், பின்னாளில் மூண்ட சண்டைகள் காட்டுவதைவிடக் குறைவு.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பதில் சொல்வது யார் என்று டிஹெச்சிபி விசாரிப்பதில்லை. இயங்குதளக் கோப்பைக் கொண்டுவரும் டிஎஃப்டிபியில் பாஸ்வேர்டே கிடையாது. அதே நெட்வொர்க்கில் இன்னொருவர் முந்திக்கொண்டால், அவர் தருவதையே கணினி தன் அறிவாக ஏற்றுக்கொள்ளும். குருமார் பலர் ஒரே நேரத்தில் அழைக்கும் காலத்தில் பக்தரின் நிலையும் இதுவே.

இங்கே கைகொடுப்பது செக்யூர் பூட். அதில் ஒவ்வொரு கட்டமும் அடுத்ததன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே வழிவிடுகிறது. வைணவர்கள் தம் ஆசாரியரில் தொடங்கி ராமானுஜர், ஆளவந்தார், நாதமுனிகள், நம்மாழ்வார் வழியாகத் திருமகள், திருமால் வரை குருபரம்பரையை அனுசந்திப்பதும், காதில் விழுந்த குரல் எங்கிருந்து புறப்பட்டது என்று படிப்படியாக மேலேறிப் பார்ப்பதுதான்.