துரு என்பது அழிவா?

சிகாகோவின் டேலி பிளாசாவில் 1967 முதல் நிற்கிறது, பிக்காசோ பெயரிடாமலே விட்ட சிற்பம். சுமார் 15 மீட்டர் உயரம், மேலே துருவேறும் கார்டென் எஃகு. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ பளபளக்கிறது: 168 ஸ்டெயின்லெஸ் தகடுகளைப் பற்றவைத்து, ஒட்டு தெரியாமல் மெருகேற்றியது.

ஒன்று காலத்தை உடம்பில் வாங்கிக்கொள்கிறது. மற்றது காலமே தன்னைத் தொடவில்லை என்கிறது. எது உண்மை பேசுகிறது?

துரு என்றாலே அழிவு என்று பழகிவிட்டோம். கார்டெனில் கதை வேறு. அதில் கலந்துள்ள சிறிதளவு செம்பும் குரோமியமும், நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் துருவை இறுக்கமான தோலாக்குகின்றன. அந்தத் தோல்தான் உள்ளிருக்கும் எஃகுக்குக் காவல். தண்ணீர் தேங்கினாலோ உப்புக்காற்று அடித்தாலோ காவல் தோற்றுவிடும். சாதாரண வெல்டிங் ராடால் இணைத்தால் ஒட்டு வேறு நிறத்தில் பல்லிளிக்கும். அதற்கு நிக்கல் கலந்த ராடு வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் மட்டும் மாறாததா என்ன? அதிலுள்ள குரோமியமும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலமாகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, அவ்வளவுதான். ‘நித்தியம்’ என்று நாம் மயங்குவது அந்தப் படலத்தைத்தான்.

ஸ்டெயின்லெஸ்ஸைப் பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு சாயல் படரும். அழகென்று அதை அப்படியே விட்டாலும், சாதா இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தாலும், முதல் துருப்புள்ளி அங்கேதான் முளைக்கும்.