யாருக்காக இந்த உறுமல்?

சிறிய கார் ஒன்றில் என்ஜினின் புகையைத் திரட்டி வெளியே அனுப்பும், கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வெளியே கிடைக்கும் எஃகுக் குழாய் ஹெட்டரைப் பொருத்துவது பட்டறை சார்ந்த விஷயம். அதில் ஆன்மிகத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்தக் கார் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் ஓடும்போது விஷயம் பட்டறையோடு நிற்பதில்லை. அங்கே ரமணாசிரமம் இருக்கிறது, அதை ஒட்டிச் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், பக்கத்திலேயே சாலையோரத்தில் தட்சிணாமூர்த்தி கோயில். பேசாமலே உபதேசித்த குரு என்று சைவ மரபு வணங்கும் தெய்வமும், மௌனத்தையே தம் முதன்மையான உபதேசமாகக் கொண்ட ரமணரும் ஒரே சாலையில் குடியிருக்கிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒரு துண்டும் இதே சாலைதான். பெங்களூரிலிருந்து வரும் வண்டிகளுக்கும் இதே வழிதான். இங்கே ஒருவர் தம் வண்டியின் மூச்சை மாற்றத் தீர்மானித்தால், எதை விரும்பி மாற்றுகிறார் என்று கேட்காமல் இருக்க முடியாது. என்ஜின் நன்றாக மூச்சுவிட வேண்டும் என்பது ஒரு விருப்பம். தாம் வருவது நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்பது வேறொரு விருப்பம். முதல் விருப்பத்துக்குச் சத்தம் வேண்டியதில்லை. இரண்டாவதற்கு ஹெட்டரே வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் இதில் உள்ள ஆன்மிக வேலை என்பது என் கருத்து.

இந்த வேறுபாட்டை என்ஜினே காட்டித் தரும். மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுழற்சி முடிய கிராங்க் 720 டிகிரி திரும்ப வேண்டும் என்பதால், மூன்று சிலிண்டர்களும் 240 டிகிரிக்கு ஒன்றாக வரிசையில் புகையைத் தள்ளுகின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 37, 38 உந்தல்கள். ஒவ்வோர் உந்தலும் குழாயில் அழுத்த அலையாக ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை அடைந்ததும் தாழ்வழுத்த அலை ஒன்று வால்வை நோக்கித் திரும்பி வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருக்கும் வேளையில் அந்த அலை வந்துவிட்டால், தங்கிய புகையை அது இழுத்து, புதுக் காற்றுக்கு இடம் செய்து கொடுக்கும். ஹெட்டரின் சூட்சுமம் இந்த நேரப் பொருத்தத்தில் இருக்கிறது. குழாய் நீளமாக இருந்தால் அலை தாமதமாகத் திரும்பும், தாழ்ந்த சுற்றில் இழுவை கூடும். குட்டையாக இருந்தால் பலன் உயர்ந்த சுற்றில்தான். குழாயின் வாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறைந்து, ஊருக்குள் ஓட்டும்போது வண்டி முன்னைவிடச் சோம்பும். நான்கு சிலிண்டர் என்ஜினில் உந்தல்கள் 180 டிகிரிக்கு ஒன்றாக நெருங்கி வந்து ஒன்றையொன்று தடுப்பதால்தான், குழாய்களை நான்கு, இரண்டு, ஒன்று என்று ஜோடி சேர்த்துக் கட்டுகிறார்கள். மூன்று சிலிண்டரில் அந்த இடைஞ்சல் இயல்பாகவே குறைவு. ஆகவே ஹெட்டர் தரும் லாபமும் குறைவு. மாருதி 800-இன் என்ஜினுக்கு ஏறக்குறைய 37 குதிரைத் திறன். நூற்றுக்கு ஐந்து கூடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு குதிரைகூட முழுதாகச் சேரவில்லை. கிரிவலம் வருவோருக்கு நடுவே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டிக்கு அந்த இரண்டு குதிரையும் கண்ணில் படாது.

அப்படியிருந்தும் ஹெட்டர் மாற்றியவுடன் வண்டி பறக்கிறது என்று பலர் மனமாரச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வார்ப்பிரும்பின் கனத்த சுவர் அடக்கிவைத்த ஒலியை மெல்லிய எஃகுக் குழாய் வெளியே விடுகிறது. அதோடு சைலன்சரையும் மாற்றிவிட்டால் ஒலி பல மடங்காகிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. செவிக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்காகப் படும். கூடிய ஒலியை மனம் கூடிய வேகமாக எழுதிக்கொள்கிறது. ரமணரின் போதனை நேராக வந்து தொடும் இடம் இதுதான். விருபாட்சி குகையில் அவர் வாழ்ந்த காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்களே பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. எந்த எண்ணம் எழுந்தாலும் அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்ப்பதே அதில் சொல்லப்படும் வழி. உறுமலை விரும்பும் எண்ணத்தை இந்த விசாரணைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். என்ஜினுக்கு அது வேண்டியதில்லை. சாலைக்கும் வேண்டியதில்லை. கேட்கப்பட வேண்டும் என்று ஏங்கும் ‘நான்’ ஒன்றுக்குத்தான் அது வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்வதால், இயந்திரத்தைச் சீர்செய்து மகிழ்வதே பற்று, பற்று எல்லாம் பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரமணரே கைவேலையில் தேர்ந்தவர். கைத்தடிகளைச் செதுக்கி இழைத்தார், கொட்டாங்கச்சியைத் தேய்த்துப் பளபளப்பான கிண்ணமாக்கினார், கிழிந்த புத்தகங்களுக்கு பைண்டு போட்டார், விடியுமுன் எழுந்து சமையல் கூடத்தில் காய் நறுக்கினார். பொருளின் தன்மையை அறிந்து, அதற்கு ஏற்ற அளவில் கை வைக்கும் வேலை அது. குழாயின் நீளத்தை என்ஜினின் சுற்றுக்கு ஏற்ப அளந்து, ஃபிளேஞ்சு கோணாமல் வெல்டிங் செய்து, கேஸ்கெட்டில் புகை கசியாமல் பொருத்தும் மெக்கானிக்கின் வேலையும் அதே இனத்தைச் சேர்ந்தது. அதை நான் மதிக்கிறேன். அந்த வேலை நன்றாக அமைந்தால் சத்தம் போட்டு அறிவிக்க வேண்டிய தேவையும் இராது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று வேதாந்தத்தின் உள்ளிருந்தே எழும். உண்மையான மௌனம் மனம் அடங்கிய நிலை. வெளியே என்ன சத்தம் கேட்டாலும் அது கலையாது. கலைகிறது என்றால் அது மௌனமே இல்லை. ஆகவே ஆசிரமத்தின் முன் ஒரு கார் உறுமினால் குறை கேட்பவரிடம்தான் என்பார்கள். இதற்கு ஆதாரமும் உண்டு. ரமணருடைய அன்னையின் சமாதி மீது மாத்ருபூதேஸ்வரர் ஆலயம் கட்டும் பணி 1939-இல் தொடங்கி 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடக்கும்வரை, உளியோசை நடுவேதான் ரமணர் வாழ்ந்தார். அவரது அமைதி கலைந்ததாக யாரும் சொல்லவில்லை. நானும் இதை ஏற்கிறேன். ஆனால் இந்த உண்மை கேட்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. சத்தம் எழுப்புபவர் அதைத் தமக்கு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளும்போது பொருள் தலைகீழாகிவிடுகிறது. 1896-இல் ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ரமணர் மீது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அவர் எதிர்ப்புக் காட்டவில்லை, பாதாள லிங்கம் இருந்த இருட்டறைக்குள் போய் அமர்ந்தார். சேஷாத்ரி சுவாமிகள் அந்தச் சிறுவர்களை விரட்டிக் காத்தார். கல் பட்டது ரமணருக்கு ஒரு பொருட்டாக இல்லை என்பதால் கல்லெறிந்தது சரியாகிவிடவில்லை. ஞானியின் பொறுமையை எடுத்துத் துன்புறுத்துபவரின் உரிமையாக மாற்ற முடியாது. மேலும், ஆசிரமத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஞானிகள் அல்லர். உறவைப் பறிகொடுத்தவர்களும், தூக்கம் தொலைத்தவர்களும், அரை மணி நேரமாவது மனம் நிற்காதா என்று வந்தவர்களும்தான் பழைய ஹாலில் கண்மூடி அமர்ந்திருக்கிறார்கள். வெளியமைதி அவர்களுக்கு ஊன்றுகோல்.

பேருந்தின் ஏர் ஹாரனும் ஒலிபெருக்கியும் இதைவிடப் பெரிய சத்தம்தானே, சின்னக் காரை மட்டும் ஏன் பிடிக்கிறாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவற்றுக்கும் இதே அளவுகோல்தான். சட்டமும் அவற்றை விட்டுவைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, ஒலிக்கும் புகைக்கும் விதித்த அளவை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. புகை என்றதும் இன்னொன்று. இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டை ஒட்டியே இருப்பதால், ஹெட்டர் மாற்றும்போது அதுவும் கழன்றுவிடுகிறது. அப்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெறுங்காலோடு நடந்துவரும் மூதாட்டி அதைத் தெரியாமலே சுவாசிப்பார். அகிம்சையை நம்புகிற எவருக்கும் இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 புகை விதிக்கு உட்பட்ட வண்டியானால் கம்பெனி மேனிஃபோல்டைத் தொடாதீர்கள். பழைய மூன்று சிலிண்டர் வண்டியில் மேனிஃபோல்டு விரிசல் விட்டு, மாற்றியே தீர வேண்டும் என்றால், முதலில் அதே வார்ப்பிரும்புப் பாகத்தைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் குறுகலான, நீளமான, மூன்றும் ஒன்றாகச் சேரும் குழாயைத் தேர்ந்தெடுங்கள். வண்டியோடு வந்த கன்வெர்ட்டரும் சைலன்சரும் அப்படியே இருக்கட்டும். கிரிவலத்தை நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்று ரமணர் சொன்னதாக அடியவர்கள் நினைவுகூர்கிறார்கள். செங்கம் சாலையில் அப்படி நடப்பவர்களுக்குப் பின்னால் வர நேர்ந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.