செல்போனும் பிறர் ஹக்கும்



கோவை ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டுப் பக்கம் மாலை நேரத்தில் செல்வோர், செல்போன் கடைகளில் நிற்கும் கூட்டத்தைக் கண்டிருப்பார்கள். சென்ற ஆண்டு வாங்கிய போன் பழுதின்றித்தான் இருக்கிறது. ஆனாலும் புதிய மாடல் வந்துவிட்டதாம், காமிரா உயர்ந்ததாம், வேகம் அதிகமாம். தவணையில் வட்டி ஒளிந்திருக்கிறதா என்றுகூடக் கேளாமல் கையெழுத்துப் போட்டு, 30,000 ரூபாய்க்கோ 50,000 ரூபாய்க்கோ புதியதை வாங்கி வருகிறோம்.

வீடு வந்து சேர்ந்ததும் நடப்பது என்ன? 100 ரூபாய் விலையுள்ள ஒரு செயலி தேவைப்படுகிறது. "இதற்கெல்லாம் யாராவது காசு கொடுப்பார்களா?" என்று சொல்லி, பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதியை எங்கிருந்தோ இறக்கிக் கொள்கிறோம். கண்ணாடிக்கும் பெட்டிக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்த நமக்கு, ஒருவரின் உழைப்புக்கு நூறு ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை!

திருமறையில் 'முதஃப்பிஃபீன்' என்றொரு அத்தியாயம் இருக்கிறது. அளவையில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு உண்டென்று எச்சரிக்கும் அத்தியாயம் அது. அவர்கள் தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்குவார்கள். பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பார்கள். இது தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டும் சொல்லப்பட்டதென்று நாம் எண்ணிவிடலாகாது. போன் வாங்கும்போது சிறு கீறல் இருந்தாலும் மாற்றித் தரச் சொல்கிறோம். பெறுவதில் ஓர் அணுவும் குறையக்கூடாது. கொடுப்பதில் மட்டும் குறையலாம் என்றால் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடவில்லையா?

"செயலி என்ன அரிசியா, பருப்பா? நகல் எடுத்தால் அவருடையது அவரிடமே இருக்கிறதே, என்ன குறைந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. குறைந்தது கூலி. வேலை வாங்கிக் கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியதை நபிகள் நாயகம் (ஸல்) அறிவித்த ஹதீஸ் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் கம்ப்யூட்டர் முன்னால் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓராண்டு உழைத்து உருவாக்கிய செயலியை ஆயிரம் பேர் காசு கொடாமல் எடுத்துக் கொண்டால், அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

கோவை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம் ஊர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வேறெங்கோ செய்த மட்டமான கிரைண்டரின் மேல் கோவைப் பெயரை ஒட்டி விற்றால் "மோசடி!" என்று நாம் கொதிப்போம். பம்ப் செட் செய்பவரின் முத்திரையை இன்னொருவர் திருடினால் வழக்குப் போடுவோம். நம் ஊர்ப் பொருளுக்கு ஒரு நியாயம், கண்ணுக்குத் தெரியாத பிறர் பொருளுக்கு வேறொரு நியாயமா?

இந்த உரிமை ஷரீஅத்தில் செல்லுமா என்பது பற்றி முன்னர் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தனது 43-வது தீர்மானத்தில் இதைத் தெளிவுபடுத்தியது. வணிகப் பெயர், வணிக முத்திரை, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை அவரவர்க்குரிய உரிமைகள்; அவை மதிப்புள்ள சொத்துகள்; அவற்றில் அத்துமீறுவது கூடாது என்பதே அதன் சாரம். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

"அது வெளிநாட்டுக் கம்பெனி, கோடி கோடியாகச் சம்பாதிக்கிறான், முஸ்லிமும் அல்லன்" என்று சிலர் சமாதானம் சொல்லிக் கொள்கிறார்கள். ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள்! பெருமானாரைக் கொல்ல வாளோடு சூழ்ந்து நின்றார்கள் குறைஷிகள். அந்த மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானத் பொருள்கள் பெருமானாரின் வீட்டில் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். உயிர்ப் பகைவரின் பொருளுக்கே அந்த மரியாதை என்றால், முகம் தெரியாத ஒருவரின் பொருளை எடுத்துக் கொள்ள நமக்கு உரிமை ஏது?

திருட்டுச் செயலியால் மறுமைக்கு மட்டுமல்ல, இம்மைக்கும் கேடுதான். பூட்டை உடைத்தவன் உங்களுக்குத் தர்மம் செய்வதற்காக உடைக்கவில்லை. உள்ளே உளவு பார்க்கும் நிரலை வைத்து அனுப்புவதும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொட்டுப் பாங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் நாட்டில் பலர். அப்படி நேர்ந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

முறையான கடையில் இருக்கும் செயலிகள் எல்லாமே சுத்தமானவை என்றும் சொல்வதற்கில்லை. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) கையை விட்டபோது மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்த வரலாறு நாம் அறிந்ததே. செயலிக் கடையிலும் அத்தகைய குவியல்கள் உண்டு. தொழுகை நேரம் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிட விவரம் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்நிறுவனம் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்கு விவரங்களை விற்று வந்ததாகவும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' செய்தி வெளியிட்டது. ராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோடுடன் தொடர்பை முறித்துக் கொண்டது. 2022-ல் 'அல் மோஅஸின் லைட்' என்ற பாங்குச் செயலி உள்ளிட்ட சிலவற்றில் விவரம் திரட்டும் நிரல் இருந்தது தெரிய வந்து, கூகுள் அவற்றைத் தன் கடையிலிருந்து நீக்கியது. பாங்கு ஒலிக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடி நம்பிவிடாதீர்கள்! கிப்லா காட்டும் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், "இது எதற்கு?" என்று நீங்களும் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

சரி, காசு இல்லாதவர் என்ன செய்வது? ஆக்கியவர்களே மனமுவந்து அனுமதி கொடுத்த இலவசச் செயலிகள் ஏராளம். படம் பார்க்க வி.எல்.சி., எழுத லிப்ரே ஆபீஸ் போன்றவை அத்தகையவை. உரியவர் கொடுத்த இலவசம் ஹலால். உரியவரிடமிருந்து பறித்த இலவசம் இலவசமே அல்ல.

புதிய போன் வாங்கும் ஆசையையும் சற்று நிறுத்துப் பாருங்கள். பழைய போன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பாட்டரி தேய்ந்ததே அதற்குக் காரணம் என்றது. வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் செய்ததற்காக 2020-ல் பிரான்ஸ் அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் மந்தமானால் பல வேளைகளில் பாட்டரியை மாற்றினாலே போதும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் மாற்றுவதில் நியாயம் உண்டு. அடுத்த வீட்டார் மாற்றினார்கள் என்பதற்காக மாற்றுவது வீண்விரயம். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது திருமறை. அந்த ஆசையை ஓராண்டு தள்ளிப் போட்டால், நமக்குத் தேவையான செயலிகள் அனைத்துக்கும் உரிய விலையைக் கொடுத்த பிறகும் ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் மிஞ்சும்.

பெற்றோர்களே! பக்கத்து வீட்டு மாமரத்தில் கல்லெறிந்தால் பிள்ளையைக் கண்டிக்கும் நாம், அவன் திருட்டுச் செயலி இறக்கினால் "கெட்டிக்காரன்" என்று மெச்சுகிறோம். அவன் நம்மிடம் கற்றுக் கொள்வது எது? இன்றிரவு குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொருவர் போனையும் பாருங்கள். பிறர் ஹக்கு இருந்தால் நீக்குங்கள். கொடுக்க முடிந்த விலையைக் கொடுங்கள். ஏற்கெனவே பயன்படுத்தியதற்கு என்ன பரிகாரம் என்று ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். அல்லாஹ்வின் ஹக்கில் நேர்ந்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியார்களின் ஹக்கோ, உரியவர் மன்னிக்கும் வரை நம் கழுத்தில் தொங்கும்.

ஹலாலைப் போதுமாக்கி, ஹராமை விட்டும் நம்மையும் நம் மக்களையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.